கட்டப் போவதில்லை என்றால் எதற்கு வரைவது?

கடலூரில் கட்டிட கான்ட்ராக்ட் தொழில் செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார். மகள் பி.ஆர்க் மூன்றாம் ஆண்டு படிக்கிறாராம். இந்த செமஸ்டர் முழுக்கக் கட்டவே முடியாத கட்டிடங்களாக வரைந்து தள்ளுகிறாராம்: கால் முளைத்துக் கடலுக்குள் இறங்கி நடக்கிற வீடு, தலைகீழாகத் தொங்குகிற தெரு. ஆசிரியர்களும் பாராட்டி மார்க் போடுகிறார்கள். "இது ஆர்க்கிடெக்சரா, டிராயிங் கிளாஸா? இந்த நேரத்தில் ஒழுங்காக ஒரு எஸ்டிமேட் போடக் கற்றுக்கொடுத்தால் ஆகாதா?" என்பது அவர் கேள்வி. கூடவே, மகள் எட்சிங் கற்றுக்கொள்ளப் பணம் கேட்கிறார், அது என்ன, எங்கே கற்றுத்தருகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறார்.

சார், ஆர்க்கிடெக்சரா ஓவியமா என்ற பெயர்த் தகராறு உங்களுக்கு அவ்வளவு முக்கியமில்லை என்று நினைக்கிறேன். கட்டப் போகாத ஒன்றை வரைவது உழைப்பா, விளையாட்டா? விளையாட்டு என்றால் அதற்கு நான் ஏன் ஃபீஸ் கட்ட வேண்டும்? இதுதான் உள்ளே இருக்கிற கேள்வி. நியாயமான கேள்விதான். சைட்டில் ஒரு தூண் இரண்டு அங்குலம் தள்ளிப் போனால் அது யார் தலையில் விடியும் என்று தெரிந்தவர் இப்படித்தான் கேட்பார். நான் புதுச்சேரியில் ஆர்க்கிடெக்டாகத் தொழில் செய்கிறவன், இடையிடையே மாணவர்களுக்கு டிசைன் ஸ்டுடியோவும் எடுத்திருக்கிறேன். கலை வரலாறு என் படிப்பு இல்லை. அதனால் ஓவியம் பற்றி நான் சொல்வதை ஒரு கட்டிடக்காரனின் பார்வை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கட்டப்படாதது எல்லாம் ஒரே ரகம் இல்லை. மதுரையில் புதுமண்டபத்துக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் தொடங்கிய ராயகோபுரம் கல்வேலையோடு நின்று மொட்டையாகவே கிடக்கிறது. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரமும் சில நூற்றாண்டுகள் அப்படித்தான் நின்றது. 1987-இல்தான் 13 நிலையும் எழும்பி, 236 அடியில் குடமுழுக்கு ஆனது. இங்கே குழப்பமே இல்லை, கட்டத்தான் நினைத்தார்கள், காலம் இடம் கொடுக்கவில்லை. இன்னொரு ரகம், ஆசை இருந்தும் அன்றைக்குக் கைக்கு எட்டாதது. ரஷ்யாவில் விளாதிமிர் தாத்லின் 1920-இல் மாடல் செய்து காட்டிய கோபுரம் அப்படி. 400 மீட்டர் உயரத்துக்குச் சுருண்டு ஏறும் இரும்புச் சட்டம், உள்ளே கண்ணாடிக் கட்டிடங்கள், ஒன்று வருடத்துக்கு ஒரு சுற்று, ஒன்று மாதத்துக்கு, ஒன்று நாளுக்கு ஒரு சுற்று சுற்ற வேண்டும். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நாட்டில் அவ்வளவு இரும்புக்கு எங்கே போவது? மாடலை மரத்தில் செய்தார்கள். தாத்லின் ஓவியரும் சிற்பியும்தான், ஆர்க்கிடெக்டாகப் படித்தவர் இல்லை. மூன்றாவது ரகம், கட்டும் எண்ணமே இல்லாமல் வரைவது. உங்கள் மகள் செய்வது அது. எரிச்சல் வருவதும் அதனால்தான்.

இதற்கு வேலை என்ன என்பதை உங்களுக்குப் பழக்கமான செட்பேக்கிலிருந்தே, அதாவது மனை எல்லையிலிருந்து கட்டிடம் விட வேண்டிய இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். நியூயார்க்கில் மனையின் விளிம்பிலிருந்தே நாற்பது மாடி நேராகத் தூக்கிக் கட்டி, தெருவுக்கு வெயிலே விழாமல் போனது. அதன் பிறகு 1916-இல் சட்டம் போட்டார்கள்: ஒரு உயரத்துக்கு மேல் போனால் கட்டிடம் தெருவிலிருந்து பின்வாங்க வேண்டும், மனையின் கால்பங்கு இடத்தில் மட்டும் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போகலாம். சட்டம் காகிதத்தில் இருந்தது. அதன்படி கட்டினால் ஊர் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. 1922-இல் ஹியூ ஃபெரிஸ் என்பவர் கரி வைத்து நான்கு படம் போட்டார். முதல் படத்தில் சட்டம் அனுமதிக்கிற அதிகபட்ச கன அளவு அப்படியே மலை மாதிரி நிற்கிறது, ஜன்னல் இல்லை, கதவு இல்லை. இரண்டாவதில் உள்ளே வெளிச்சம் போவதற்காக மலையை வெட்டுகிறார். மூன்றாவதில் சரிவுகள் படிப்படியாக மாறுகின்றன, ஏனென்றால் இரும்புச் சட்டத்தில் சரிவாகக் கட்டினால் கட்டுப்படியாகாது. நான்காவதில் வாடகைக்கு உதவாத பகுதிகளைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டுகிறார்.

இந்த நான்கு படமும் எந்த மனைக்கும் போட்ட பிளான் இல்லை. யாரும் அதைக் கட்டவும் இல்லை. ஆனால் படிப்படியாகக் குறுகி மேலே போகிற அந்தக் கால நியூயார்க் கட்டிடங்களின் உருவத்தை முதலில் கண்ணுக்குக் காட்டியவை இவைதான். இதில் கரியின் பங்கைக் கவனியுங்கள். கூரான பென்சிலில் வரைந்திருந்தால் ஜன்னலும் கார்னிஸும் போடக் கை அரித்திருக்கும். கரியில் நுணுக்கம் வராது, மொத்தையும் நிழலும் வெளிச்சமும்தான் வரும். சட்டம் பேசியதும் மொத்தையைப் பற்றித்தான், அதனால் கரி அந்த வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஈ.சி.ஆரில் ஒரு மனையை எடுத்துக்கொண்டு, நம் எஃப்.எஸ்.ஐ.யும் (மனையளவுக்கு எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு) செட்பேக்கும் விடுகிற அதிகபட்ச மொத்தையை மட்டும் கரியில் வரைந்து பார்க்கச் சொல்லி மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். அப்ரூவல் டிராயிங்கில் தெரியாத பல சங்கடங்கள் அதில் வெளியே வரும், பக்கத்து வீட்டுக்காரரின் மொட்டை மாடி வெயில் உட்பட.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான். கட்டாத கட்டிடத்தின் வேலை, ஒரு நிபந்தனையை எடுத்துக்கொண்டு, செலவில்லாமல், அதன் கடைசி எல்லைவரை ஓட்டிப் பார்ப்பது. அந்த நிபந்தனை சட்டமாக இருக்கலாம், வெளிச்சமாக இருக்கலாம், இடிப்பாகக்கூட இருக்கலாம். எதில் வரைகிறோமோ அந்தச் சாதனம் எதைக் கேட்க முடியும், எதைக் கேட்க முடியாது என்பதைப் பாதி தீர்மானித்துவிடுகிறது. ஓவியத்தோடு உள்ள தொடர்பு அங்கேதான் இருக்கிறது. படம் அழகாக இருக்கிறதா என்பதெல்லாம் பிறகு.

எட்சிங் பேச்சு வந்ததால் அதையே பார்ப்போம். செம்புத் தகட்டின் மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு பூசுவார்கள். ஊசியால் அதைக் கீறி வரைவார்கள். அரிக்கும் திரவத்தில் தகட்டை முக்கினால் கீறிய இடம் மட்டும் பள்ளமாகும். பள்ளத்தில் மையை அடைத்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத் தாளை வைத்து பிரஸ்ஸில் உருட்டினால் கோடு தாளில் ஏறும், இடம் வலம் மாறி. ஜியோவான்னி பத்தீஸ்தா பிரனேசி என்ற இத்தாலியர் இந்த முறையில் 1750 வாக்கில் கற்பனைச் சிறைகள் என்று 14 படம் போட்டார். 1761-இல் அதே தகடுகளை எடுத்து மறுபடி கீறி, மறுபடி அரிக்கவிட்டு, இரண்டைப் புதிதாகச் சேர்த்து 16-ஆக வெளியிட்டார். இரண்டு பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். தகட்டில் ஏற்கெனவே உள்ள கோட்டை எடுப்பது கஷ்டம், சேர்ப்பது சுலபம். அதனால் இரண்டாம் பதிப்பில் படிக்கட்டு மேல் படிக்கட்டு, உத்தரத்துக்குப் பின்னால் உத்தரம், அதற்கும் பின்னால் ஒரு பாலம் என்று இடம் நெருக்கிக்கொண்டே போகிறது. அந்த மூச்சுமுட்டலைக் கொண்டுவந்ததில் தகட்டுக்கும் பங்கு உண்டு. பிரனேசி தன்னை வெனிஸ் ஆர்க்கிடெக்ட் என்றே சொல்லிக்கொண்டவர். வாழ்க்கையில் அவர் கட்டியதாகச் சொல்லத்தக்கது ரோமில் ஒரே ஒரு தேவாலயம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சிறைகளுக்கு நீங்கள் செக்‌ஷன் (குறுக்குவெட்டுப் படம்) வெட்டிப் பார்க்க முடியாது. முன்னால் நிற்கிற தூண் சில படங்களில் பின்னால் உள்ள வளைவைத் தாங்குகிறது, கணக்கு உதைக்கும். அப்படியானால் இது ஆர்க்கிடெக்சரில் சேருமா என்பதில் தெரிந்தவர்களிடமே ஒருமித்த கருத்து இல்லை. என் கருத்து, சேரும். ஆனால் அது கருத்துதான்.

பிரனேசியின் தகட்டு வேலையை இருநூறு வருடம் கழித்து மாஸ்கோவில் இரண்டு பேர் கையில் எடுத்தார்கள்: அலெக்சாண்டர் பிராட்ஸ்கி, இல்யா உத்கின். சோவியத் நாட்டில் 1950-களிலிருந்தே அலங்காரம் கூடாது, ஒரே மாதிரி பேனல் வீடுதான் என்று ஆகிவிட்டதால், படித்துவிட்டு வந்த இளைஞர்களுக்கு ஆபீஸில் செய்ய ஒன்றும் இல்லை. இவர்கள் 1980-களில் எட்சிங்கில் கற்பனைக் கட்டிடங்கள் போட்டு ஜப்பானியப் போட்டிகளுக்கு அனுப்பிப் பரிசு வாங்கினார்கள். காகித ஆர்க்கிடெக்ட்கள் என்று பெயர் வந்தது. அவர்களுடைய ஒரு படத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பிரம்மாண்டமான கான்கிரீட் பெட்டி. உட்புறச் சுவர் முழுக்க அலமாரித் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஊரில் இடிக்கப்பட இருந்த ஒரு பழைய வீடு, முழுசாக. வீட்டுக்காரர் காலி செய்ய மறுத்தால், வீட்டையே பெயர்த்து இந்தத் தட்டில் வைத்துவிடுவார்கள். குடும்பம் அதில் வாழ்கிறவரை வீடு பிழைக்கும். இந்த இருட்டில் இருக்க முடியாது என்று அவர்கள் வெளியேறினால், பெட்டியின் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும் இரும்புக் குண்டு வந்து வீட்டை உடைக்கும்.

இதை எந்த என்ஜினீயர் கட்டப் போகிறார்? ஆனால் புதுச்சேரியில் பழைய தமிழ் வீடுகளோடு மல்லுக்கட்டியவர் எவருக்கும் இந்தப் படம் தூக்கிவாரிப் போடும். திண்ணை, தாழ்வாரம், முற்றம், மெட்ராஸ் டெரஸ் மேல்தளம் என்று இருந்த வீடு. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்வரை நிற்கிறது. கடைசியாக இருந்த பாட்டி போனதும் ஜே.சி.பி. வருகிறது. இன்னொரு பக்கம், வைசியாள் வீதி மாதிரி இடங்களில் முகப்பைச் சீரமைத்து நிறுத்துகிறோம். சில வீடுகள் ஓட்டலாகி, வீடு பிழைக்கிறது, குடியிருந்தவர்கள் இல்லை. அது காப்பாற்றியதா, அலமாரியில் வைத்ததா? கட்டிடப் பாதுகாப்பு பற்றி நான் கேட்ட எந்த உரையும் இந்த முடிச்சை இவ்வளவு சுருக்கமாக எனக்குக் காட்டியதில்லை. கட்டுவதற்கென்று வரைந்திருந்தால் அந்த இரும்புக் குண்டை அவர்கள் நடுவில் தொங்கவிட்டிருக்கவே முடியாது.

உங்கள் மகளின் கால் முளைத்த வீட்டுக்கும் ஒரு தாத்தா உண்டு. லண்டனில் ஆர்க்கிகிராம் என்ற குழுவைச் சேர்ந்த ரான் ஹெரன் 1964-இல் நடக்கும் நகரம் என்று வரைந்தார். பூச்சி மாதிரிக் கால்களோடு பிரம்மாண்டமான கட்டிடங்கள் தண்ணீரைத் தாண்டி நியூயார்க்குக்கு நடந்து வருகின்றன. அந்தக் காலத்து பாப் ஆர்ட் ஓவியர்கள் விளம்பரங்களையும் காமிக்ஸையும் வெட்டி ஒட்டிய அதே கொலாஜ் பாணி. அந்தக் குழுவின் படங்களில் எதுவும் அப்படியே எழும்பவில்லை. இருந்தும் 2002-இல் பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட்கள் சங்கம் அவர்களுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. நான் அந்தப் படங்களை ரசிப்பேன், ஆனால் கொஞ்சம் அவசரமாக. உற்சாகம் இருக்கும் அளவுக்குக் கேள்வி இல்லை.

உங்கள் மகளின் வீடு அதைவிட மேலாக ஆகலாம், அது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து. புதுச்சேரி துறைமுக முகத்துவாரத்தில் 1980-களின் கடைசியில் அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. அது தடைப்பட்டதும் வடக்கே கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. பீச் ரோட்டில் மணல் போய்க் கருங்கல் குவியல்தான் மிஞ்சியது. அதற்கும் வடக்கே சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் பக்கம் வீடுகளே போயின. 2018-இல் கடலுக்குள் இரும்பில் ஒரு செயற்கைத் திட்டு வைத்த பிறகு நகரக் கரையில் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. கடலூர்க்காரருக்கு 2004-ஐயும் 2011 தானே புயலையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் கரையில் ஒரு வீட்டுக்குக் கால் முளைத்தால் அது வெறும் விளையாட்டில்லை. கடற்கரை ஒழுங்குமுறை விதி உயர் அலைக் கோட்டிலிருந்து அளந்துதான் அனுமதி கொடுக்கிறது. அந்தக் கோடே நகர்ந்தால் வீடு என்ன செய்யும்? பட்டா எந்த இடத்துக்கு? குடிதண்ணீர்க் குழாய் எப்படிக் கூடவே வரும்? செப்டிக் டேங்க் எங்கே? மகளிடம் இதைக் கேளுங்கள், கேலியாக இல்லாமல், சைட்டில் கேட்பது போலவே. பதில் தாளில் இருந்தால் அவர் செய்வது ஆர்க்கிடெக்சர். இன்னும் யோசிக்கவில்லை என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. "இதெல்லாம் நான் கேள்விப்பட்டதே இல்லை, எனக்குத் தோன்றியது, வரைந்தேன்" என்று அவர் சொன்னால், அது நல்ல ஓவியமாக இருக்கலாம், அதை ஓவியர்கள் தீர்மானிக்கட்டும்.

ஓவியரின் கருவியை ஆர்க்கிடெக்ட் வாங்கிக்கொண்டு கட்டிடம்வரை போன கதைக்கு ஜஹா ஹதீத் தான் எல்லோரும் சொல்லும் உதாரணம், அதில் உண்மையும் இருக்கிறது. ரஷ்ய ஓவியர் மாலெவிச் சதுரங்களையும் பட்டைகளையும் மேல் கீழ் இல்லாமல் வெள்ளையில் மிதக்கவிட்டவர், 1920-களில் அதையே பிளாஸ்டர் மாடல்களாகவும் செய்தார். ஹதீத் 1970-களில் லண்டனில் மாணவியாக இருந்தபோது மாலெவிச்சின் அந்த உருவங்களில் ஒன்றைத் தேம்ஸ் நதிப் பாலத்தின் மேல் ஒரு ஓட்டலாக மாற்றித் தன் இறுதி ப்ராஜெக்டைச் செய்தார். 1983-இல் ஹாங்காங் மலை உச்சியில் ஒரு கிளப்புக்கான போட்டியில் ஜெயித்தார். அதற்கு அவர் கொடுத்தது பெரிய ஓவியங்கள்: மலை, நகரம், கட்டிடம் மூன்றும் சில்லுகளாகப் பிளந்து, ஒரே படத்தில் பல கோணங்களிலிருந்து தெரிகின்றன. கிளப் கட்டப்படவில்லை. பத்து வருடம் கழித்து, 1993-இல், ஜெர்மனியில் விட்ரா நாற்காலி கம்பெனிக்கு ஒரு தீயணைப்பு நிலையம் எழும்பியது. சாய்ந்த சுவர், கூரான கான்கிரீட் கூரை, ஓவியத்தில் இருந்த அதே சில்லுகள். சீக்கிரமே தீயணைப்பு வண்டிகள் அங்கிருந்து போய்விட்டன, இப்போது அது கண்காட்சிக் கூடம். நீங்கள் சிரிப்பீர்கள், சிரிக்கலாம். ஆனால் அந்தக் கூரைக்குச் சென்டரிங் அடித்தவர்கள் கற்றுக்கொண்டது வீணாகவில்லை.

பழைய உதாரணம் ஒன்று எனக்குப் பிடித்தது. எத்தியேன் லூயி புல்லே என்ற பிரெஞ்சுக்காரர் 1784-இல் விஞ்ஞானி நியூட்டனுக்கு ஒரு நினைவு மண்டபம் வரைந்தார். ஏறக்குறைய 150 மீட்டர் விட்டமுள்ள கோளம், கீழ்ப்பாதியைச் சுற்றி அடுக்கடுக்கான வட்ட மேடை, மேடைகளில் வரிசையாக சைப்ரஸ் மரங்கள், அடியில் எறும்பளவு மனிதர்கள். செக்‌ஷன் படம் இரண்டு. ஒன்றில் வெளியே பகல், கோளத்தின் ஓட்டில் சிறு துளைகள் வழியாக வரும் வெளிச்சம் உள்ளே நட்சத்திரமாகிறது. மற்றதில் வெளியே இரவு, உள்ளே நடுவில் தொங்கும் விளக்கு சூரியனாகிறது. ரோமில் உள்ள பழங்காலக் கோயிலான பாந்தியனின் கூரையே 43 மீட்டர் விட்டம்தான். இதை அன்றைக்குக் கட்டியிருக்கவே முடியாது. ஆனால் செக்‌ஷன் பொய் சொல்லவில்லை, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு துளைக்கும் கணக்கு இருக்கிறது. தன் நூலின் தொடக்கத்தில் "நானும் ஓவியன்தான்" என்ற பழைய வாக்கியத்தை எடுத்து வைத்தவர் அவர். நம் பக்கத்து ஆரோவிலில் உள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திர் 36 மீட்டர் அகலமுள்ள, கொஞ்சம் தட்டையான கோளம். உள்ளே வெள்ளை அறை, மேலிருந்து ஒரே ஒரு சூரியக் கதிர் ஸ்படிக உருண்டையில் இறங்குகிறது. புல்லேயின் படத்திலிருந்து வந்தது என்று சிலர் சொல்லக் கேட்பீர்கள். சாயல் கண்ணுக்குத் தெரிவது நிச்சயம், வம்சாவளி வெறும் ஊகம்.

ஆரோவில் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், கட்டாத படம் சாதுவானது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆரோவிலுக்கு பிரெஞ்சு ஆர்க்கிடெக்ட் ரோஜர் ஆன்ஷே போட்ட கேலக்ஸி பிளான் ஓவியமும் சிற்பமும் தெரிந்த ஒரு கையின் படம். நடுவில் மாத்ரிமந்திர், சுழன்று வெளியே போகும் கைகள், உயர்ந்து தாழும் நீண்ட கட்டிடங்கள், 50,000 பேருக்கான நகரம். 1968-இல் தொடங்கிய ஊரில் இன்றும் சில ஆயிரம் பேர்தான். படத்தின் பெரும்பகுதி கட்டப்படவில்லை, அந்த இடத்தில் காடு வளர்ந்துவிட்டது. படத்தில் உள்ள வட்டச் சாலையைப் போடுவதற்காக 2021 டிசம்பரில் மரங்களை வெட்டியபோது தகராறு வந்து, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. ஐம்பது வருடத்துக்கு முன் போட்ட ஒரு சுருளுக்காக ஜே.சி.பி. வருகிறது. எந்தப் பக்கம் நியாயம் என்று இங்கே பேச வரவில்லை. ஆனால் அழகான படம் ஒன்று மாடலாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டால், அதைக் கேள்வியாக யாரும் படிப்பதில்லை, உத்தரவாகவே படிக்கிறார்கள். இத்தாலியில் சூப்பர்ஸ்டுடியோ என்ற குழு 1969-இல் உலகத்தையே சுற்றி ஓடும் ஒரு வெள்ளைக் கட்டப் பெட்டியைப் புகைப்படங்களின் மேல் ஒட்டிக் காட்டியது. இப்படியே போனால் இங்கேதான் போய் நிற்போம் என்ற கிண்டல் அது. 2022-இல் சவூதி அரேபியா பாலைவனத்தில் 170 கிலோமீட்டர் நீளம், 500 மீட்டர் உயரத்துக்கு ஒரு கண்ணாடிச் சுவர் நகரத்தை நிஜத் திட்டமாகவே அறிவித்தது.

இதற்கு எதிர்முனையில் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான கோல்கோண்ட் இருக்கிறது. ஆர்க்கிடெக்ட் ஆன்டனின் ரேமண்ட் 1930-களின் நடுவில் வரைந்தது, ஜார்ஜ் நகாஷிமாவும் ஃப்ரான்டிஷெக் சாம்மரும் சைட்டில் நின்றார்கள். சுவருக்குப் பதில் முழுக்கத் திறந்து மூடும் கிடைப் பலகைகள், மேல்தளத்துக்கு மேலே காற்று போக இடைவெளி விட்டு வளைந்த கான்கிரீட் ஓடுகள். அந்தக் காலத்துக்கு அது முழுப் பரிசோதனை. பரிசோதனை என்றாலே கட்ட முடியாதது என்று ஆகிவிடாது. ரேமண்டின் படங்களில் ஓவியத்தனம் குறைவு, இணைப்புகளைப் பற்றிய யோசனை அதிகம். மகள் ஒரு பக்கம் பிராட்ஸ்கியையும் மறுபக்கம் இதையும் பார்க்கட்டும். உள்ளே போக முன்அனுமதி வேண்டும்.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டரிடம் ஒரு வரி சொன்னால் இப்படி நூறு படம் துப்புகிறது. மாணவர்கள் அதைத் தாளில் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். அதை நான் திட்டுவதில்லை, இந்தப் படிக்கட்டு எந்த மட்டத்தில் போய்ச் சேருகிறது, ஒரு செக்‌ஷன் வெட்டு என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

சரி, பணத்துக்கு வருகிறேன். நிச்சயமாகச் சொல்லக்கூடியது: ஐந்து வருடப் படிப்பும் ஆர்க்கிடெக்ட்கள் கவுன்சிலில் பதிவும் இல்லாமல் ஆர்க்கிடெக்ட் என்று போர்டு வைக்க முடியாது. அந்தப் பதிவுக்கு இந்தப் படங்கள் தடையும் இல்லை, குறுக்கு வழியும் இல்லை. இந்தப் படங்களால் வேலை கிடைக்குமா என்பது சந்தேகத்துக்குரியது. சில ஆபீஸ்கள் போர்ட்ஃபோலியோவில் இதைத்தான் தேடும், பல ஆபீஸ்கள் ஒர்க்கிங் டிராயிங்கை மட்டும் புரட்டும். ஹதீத் ஒருவரைக் காட்டி எல்லோரையும் நம்பவைக்கக் கூடாது. லெபியஸ் வுட்ஸ் என்ற அமெரிக்கர் வாழ்நாள் முழுக்க அற்புதமாக வரைந்தார். நிரந்தரமாக எழும்பியது சீனாவின் செங்டு நகரில் ஒரு கட்டிடத்துக்குள் ஒரே ஒரு ஒளி மண்டபம், அதுவும் 2012-இல், அவர் இறந்த வருடம். ஓவியமாக விற்குமா, என்ன விலை போகும் என்பது என் துறையே இல்லை.

எஸ்டிமேட் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். அது கல்லூரியில் சரியாக வருவதில்லை. ஆனால் அதற்கு இந்த செமஸ்டரைப் பிடுங்க வேண்டாம். லீவில் உங்கள் சைட்டுக்குக் கூட்டிப் போங்கள். அளவு எடுக்கட்டும், கம்பி எடை போடட்டும், மேஸ்திரியிடம் திட்டு வாங்கட்டும். முடிந்தால் அந்தக் கால் முளைத்த வீட்டுக்கே உங்கள் கையால் ஒரு எஸ்டிமேட் போட்டுக் கொடுங்கள், ஒரு கால் எவ்வளவு ஆகும் என்று. அந்தத் தாளையும் தன் படத்தோடு அவர் ஒட்டினால் ஜூரியில் உட்கார்ந்திருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

எட்சிங்குக்குச் சென்னைதான் வசதி. அரசு கவின் கலைக் கல்லூரியில் அச்சோவியத்துக்குத் தனிப் பிரிவே இருக்கிறது, ஆனால் அது முழுநேரப் படிப்பு. லலித் கலா அகாடமியின் சென்னை மையத்தில் பிரஸ்ஸோடு கிராஃபிக் ஸ்டுடியோ உண்டு, குறுகிய காலப் பயிற்சி எப்போது என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். பிரஸ் வாங்கித் தர வேண்டாம், கற்றுக்கொள்ளும்போது ஸ்டுடியோ பிரஸ்ஸே போதும். சின்ன செம்புத் தகடு, ஊசி, பூச்சு, நல்ல பருத்தித் தாள், இவ்வளவுதான் செலவு. செம்பை அரிக்க ஃபெரிக் குளோரைடு வைப்பார்கள். அதை வீட்டில் வைத்துச் செய்ய விடாதீர்கள். காற்றோட்டம், கையுறை, கண்ணாடி வேண்டும். துணியிலோ மொசைக் தரையிலோ பட்டால் அந்தத் துருக்கறை போகவே போகாது. தீர்ந்த திரவத்தை சாக்கடையில் கொட்டவும் கூடாது, செம்பு கரைந்திருக்கும்.